ஓடும் ரயிலில் செல் மாறும்போது பாதி வழியில் இருக்கும் டேட்டா எங்கே போகிறது?

கைமொழி கேட்டது:

வணக்கம். நான் சைகை மொழி மொழிபெயர்ப்பாளர். காது கேளாத ஒருவர் மருத்துவரிடமோ அலுவலகத்திலோ பேச வேண்டியிருந்தால் வீடியோ அழைப்பில் நானும் சேர்ந்து இரு பக்கமும் மொழிபெயர்ப்பேன். வேலைக்காக அடிக்கடி ரயிலில் போகிறேன். அவசர அழைப்பு வந்தால் ரயிலிலிருந்தே எடுத்துவிடுவேன்.

பேச்சில் ஓர் எழுத்து விட்டுப்போனால் கேட்பவர் தானே நிரப்பிக்கொள்வார். சைகையில் அது நடக்காது. கை நெஞ்சுக்கு நேரே உறைந்து நின்றுவிட்டால் அது எந்தச் சொல்லின் பாதி என்றே தெரியாது. அதனால் இந்தப் படம் உறைகிற விஷயம் எனக்குச் சின்னத் தொல்லை இல்லை.

செல் எண்ணைக் காட்டும் ஒரு ஆப் போட்டுப் பார்த்தேன். ரயில் ஓட ஓட எண் மாறிக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலான மாற்றங்களின்போது படத்தில் ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் ஒரு இடத்தில் மட்டும் மூன்று, நான்கு விநாடி அப்படியே நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் முன்புவரை சிக்னல் கோடுகள் நிறைய இருந்தன. அதே நேரத்தில் பின்னால் ஓடிக்கொண்டிருந்த டவுன்லோட் மட்டும் அறுந்துபோகாமல் தொடர்கிறது. ஐபி முகவரியையும் பார்த்தேன், மாறவில்லை.

எனக்குப் புரியாதது இதுதான். பழைய டவருக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்து, என் போனுக்கு இன்னும் வராத டேட்டா என்ன ஆகிறது? தொலைந்துபோய் மறுபடி அனுப்பப்படுகிறதா? எப்போது மாற வேண்டும் என்று முடிவு செய்வது என் போனா, நெட்வொர்க்கா? எல்லா மாற்றமும் ஒரே மாதிரி நடக்கிறது என்றால் அந்த ஓர் இடத்தில் மட்டும் ஏன் நிற்கிறது?

---

கள_அளவை பதில்:

நல்ல கேள்வி அம்மா. டிரைவ் டெஸ்ட் எனக்குப் பல வருஷ வேலை. காரின் கூரையில் ஸ்கேனர், ஜிபிஎஸ், உள்ளே லேப்டாப்பில் கட்டிய சில போன்கள், இவற்றோடு சாலை சாலையாகப் போய் எந்த இடத்தில் எந்த செல் எவ்வளவு பலமாக வருகிறது, மாற்றம் ஒழுங்காக நடக்கிறதா என்று பதிவு செய்வோம். 4ஜியை வைத்தே சொல்கிறேன். 5ஜியில் பெயர்கள் மாறும், நடைமுறை பெரும்பாலும் இதே மாதிரிதான்.

முதலில் டவர் வேறு, செல் வேறு. ஒரே டவரில் மூன்று திசைக்கு மூன்று ஆன்டெனா இருக்கும், ஒவ்வொன்றும் தனி செல். அதே திசையில் வேறு அலைவரிசையில் இன்னும் சில செல்கள் இருக்கலாம். அதனால் டவர் மாறாமலேகூட உங்கள் ஆப்பில் எண் மாறும். அந்த ஆப் காட்டுவது பிசிஐ என்றால் அது 0 முதல் 503 வரை உள்ள ஒரு எண். மொத்தமே 504 எண்கள்தான், நாடு முழுக்க அவற்றையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள்.

யார் முடிவு செய்வது என்று கேட்டீர்கள். போன் சும்மா சட்டைப்பையில் கிடக்கும்போது எந்த செல்லைப் பிடித்துக்கொள்வது என்பதைப் போனே முடிவு செய்யும், நெட்வொர்க் சொன்ன விதிகளின்படி. அழைப்போ டேட்டாவோ ஓடும்போது அந்த உரிமை போனுக்குக் கிடையாது. போன் அளந்து சொல்லும், முடிவு பழைய செல்லின் பேஸ் ஸ்டேஷனுடையது, அதாவது அந்த செல்லை இயக்கும் டவர் கருவியுடையது.

எப்படி அளக்கிறது? பக்கத்து செல் இப்போதைய செல்லைவிடக் குறிப்பிட்ட அளவு பலமாக இருக்க வேண்டும், அந்த நிலை குறிப்பிட்ட நேரம் நீடிக்கவும் வேண்டும். இதை ஏ3 என்பார்கள். 3 டெசிபல், 320 மில்லி விநாடி என்று வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 3 டெசிபல் என்றால் ஏறக்குறைய இரு மடங்கு சக்தி. மணிக்கு 120 கிலோமீட்டரில் ஓடும் ரயில் விநாடிக்கு 33 மீட்டர் போகும், ஆக 320 மில்லி விநாடிக்குள் பத்து மீட்டருக்குக் கொஞ்சம் மேலே போயிருப்பீர்கள்.

ஏன் காத்திருக்க வேண்டும், பலமானது தெரிந்த உடனே மாறினால் என்ன என்று தோன்றும். 1800 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 17 சென்டிமீட்டர். சுவரிலும் தூணிலும் பட்டு எதிரொலித்து வரும் அலைகள் ஒன்றோடொன்று கூடுவதும் கழிவதுமாக இருப்பதால், கை அகல தூரத்துக்குள்ளேயே சிக்னல் பல டெசிபல் ஏறி இறங்கும். அந்த ஒவ்வொரு குதிப்புக்கும் மாறிக்கொண்டிருந்தால் இரண்டு செல்லுக்கும் நடுவில் பந்து மாதிரி அடிபட வேண்டியதுதான். அதைப் பிங்பாங் என்றே சொல்வோம். ஆகவே போன் அளவுகளைச் சராசரி எடுத்து, காத்திருந்து, அதற்கப்புறம்தான் அறிக்கை அனுப்புகிறது.

அறிக்கை போனதும் பழைய பேஸ் ஸ்டேஷன் உங்களைப் பற்றிய விவரங்களைப் புதியதிடம் அனுப்பி "இவரை எடுத்துக்கொள்வாயா" என்று கேட்கிறது. இரண்டுக்கும் நடுவில் எக்ஸ்2 என்ற நேரடி இணைப்பு இருக்கும். இல்லாவிட்டால் மைய நெட்வொர்க் வழியாகக் கேட்கும். புதியது தன்னிடம் இடம் இருக்கிறதா என்று பார்த்து, உங்களுக்கு ஒரு புது அடையாள எண் ஒதுக்கி, உள்ளே நுழையும்போது நீங்கள் மட்டும் அடிக்க வேண்டிய ஒரு தனி முன்குறி சமிக்ஞையையும் ஒதுக்கிவைக்கும். அந்தத் தனிக் குறி முக்கியம். அது இல்லாவிட்டால் புதிதாக வரும் மற்ற போன்களோடு மோத நேரிடும், மறுபடி முயல வேண்டும், நேரம் வீணாகும். இதெல்லாம் உங்கள் வீடியோ பழைய செல் வழியாக ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்கிறது. எல்லாம் தயாரானபின் பழைய செல் போனுக்குக் கட்டளை கொடுக்கும்: இந்த செல்லுக்குப் போ, இந்தக் குறியோடு நுழை.

கட்டளை வந்த நொடியில் போன் பழையதை விட்டுவிடுகிறது. 4ஜியில் இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. புதிய செல்லோடு ஒத்திசைந்து, குறியை அனுப்பி, பதில் வாங்கி, "வந்து சேர்ந்தேன்" என்று சொல்வதற்குப் பொதுவாக 30 முதல் 50 மில்லி விநாடி ஆகும். விநாடிக்கு 30 படம் ஓடும் வீடியோவில் அது ஒன்று அல்லது ஒன்றரைப் படம். பெரும்பாலான மாற்றங்கள் உங்கள் கண்ணுக்கே தெரியாமல் போவது இதனால்தான்.

இப்போது உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். இந்த நடைமுறை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

போனுக்குப் போகும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும், அதாவது டேட்டாத் துண்டுக்கும், பிடிசிபி என்ற அடுக்கு ஒரு வரிசை எண் போடுகிறது. கட்டளை கொடுத்த கையோடு பழைய பேஸ் ஸ்டேஷன் புதியதுக்கு ஒரு செய்தி அனுப்பும். மேல்நோக்கி வந்ததில் எந்த எண் வரை பெற்றேன், இடையில் எவை குறைகின்றன, கீழ்நோக்கி அடுத்து போட வேண்டிய எண் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். கூடவே, போனிடமிருந்து "கிடைத்தது" என்ற உறுதி வராத பாக்கெட்டுகளை எல்லாம் அதே எண்களோடு எக்ஸ்2 வழியாகப் புதியதிடம் தள்ளிவிடும். அவை குறியாக்கம் செய்யப்படாத நிலையில்தான் போகும். புதிய செல்லுக்கு வேறு சாவி என்பதால் அது தன் சாவியால் குறியாக்கம் செய்து உங்களுக்கு அனுப்பும். போனும் தன் பங்குக்கு "இன்ன இன்ன எண்கள் எனக்கு வந்துவிட்டன" என்று புதிய செல்லிடம் சொல்லலாம். அப்போது வந்ததையே திரும்ப அனுப்பி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

எக்ஸ்2 வழியாக நடந்தால் மைய நெட்வொர்க்குக்கு இந்த நேரம் வரை எதுவுமே தெரியாது. அங்கிருக்கும் கேட்வே பழைய பேஸ் ஸ்டேஷனுக்கே டேட்டாவை அனுப்பிக்கொண்டிருக்கும், அதுவும் வாங்கி வாங்கிப் புதியதுக்குத் தள்ளிக்கொண்டிருக்கும். போன் வந்து சேர்ந்ததும் புதிய பேஸ் ஸ்டேஷன் மையத்துக்குச் சொல்லிப் பாதையை மாற்றச் சொல்கிறது. கேட்வே பாதையை மாற்றும்போது பழைய பாதையில் கடைசியாக ஒரு முடிவுக்குறி பாக்கெட்டை அனுப்பும். "இதற்கு மேல் இந்த வழியில் எதுவும் வராது" என்று அர்த்தம். புதிய பேஸ் ஸ்டேஷன் அந்தக் குறி வரும்வரை தள்ளிவிடப்பட்ட டேட்டாவை முதலில் கொடுத்து, அதற்கப்புறம்தான் நேர்வழியில் வந்ததைக் கொடுக்கும். வரிசை கலையாமல் இருப்பது இந்த ஒரு சின்னப் பாக்கெட்டால்தான். இதை வடிவமைத்தவர்கள் எவ்வளவு பொறுமையாக யோசித்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன்.

ஆக உங்கள் டேட்டா தொலைவதில்லை. பழைய செல்லிலிருந்து புதிய செல்லுக்குக் கைமாறுகிறது.

---

கைமொழி பதில்:

மிக்க நன்றி அண்ணா. இரண்டு முறை படித்தேன். இவ்வளவு கவனமாக நடக்கிறது என்றால் அந்த மூன்று விநாடி எங்கிருந்து வருகிறது? அதோடு, வீடியோ அழைப்பில் தொலைந்த பாக்கெட் தொலைந்ததுதான், டவுன்லோட் மட்டும்தான் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும் என்று எங்கோ படித்தேன். அப்படியானால் மாறும்போது என் வீடியோ பாக்கெட்டுகள் மட்டும் கைமாறாமல் போகிறதா?

---

கள_அளவை பதில்:

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் அழைப்பு ஆப், தொலைந்ததைத் தானாகத் திரும்ப அனுப்பாத யூடிபி முறையைப் பயன்படுத்தினாலும் நெட்வொர்க்குக்கு அது சாதாரண இன்டர்நெட் டேட்டாதான். டவுன்லோட் போகும் அதே பாதையில்தான் அதுவும் போகும். அந்தப் பாதையில் ரேடியோ அளவில் உறுதி வாங்கி அனுப்பும் முறையைத்தான் பொதுவாக வைத்திருப்பார்கள், ஆகவே உங்கள் வீடியோ பாக்கெட்டுகளும் கைமாறும். நெட்வொர்க்கின் சொந்தக் குரல் அழைப்பு, அதாவது வோல்ட்டி, அது மட்டும் தனிப் பாதை. அங்கே தாமதமாக வரும் குரலால் பயனில்லை என்பதால் உறுதி வாங்கும் முறை கிடையாது. 20 மில்லி விநாடிக்கு ஒரு குரல் பாக்கெட் என்ற கணக்கில், மாறும்போது இரண்டு மூன்று தொலைந்துபோகும், காதுக்குத் தெரியாது.

வீடியோ ஆப் தன் பக்கத்தில் வைத்திருக்கும் தாமத எல்லையைத் தாண்டி ஒரு பாக்கெட் வந்தால், பத்திரமாக வந்ததையும் தூக்கிப் போட்டுவிடும். டவுன்லோடுக்கு அந்த அவசரம் இல்லை. உங்களுக்கு ஒன்று நிற்பதும் மற்றொன்று தொடர்வதும் இந்த வித்தியாசத்தால்.

இனி அந்த மூன்று விநாடி. செல் மாற்றத்தை ஹேண்டோவர் என்போம். நீங்கள் உணர்வது ஹேண்டோவரை இல்லை, ஹேண்டோவர் நடக்கத் தவறியதை. ஒழுங்காக நடந்த மாற்றம் யாருக்கும் தெரிவதே இல்லை.

பெரும்பாலும் என்ன நடக்கும் என்றால், பழைய செல்லின் சிக்னல் மெதுவாகக் குறையாமல் சட்டென்று விழுந்துவிடும். ரயில் ஒரு பள்ளமான பாதைக்குள் நுழைகிறது, அல்லது வளைவில் திரும்பி மேட்டுக்குப் பின்னால் போகிறது என்று வையுங்கள். போன் 320 மில்லி விநாடி காத்து அறிக்கை அனுப்புவதற்குள் அந்த அறிக்கை பழைய செல்லுக்குப் போய்ச் சேராத நிலை வந்துவிடுகிறது. அல்லது அறிக்கை போய்விட்டது, எல்லாம் தயாராகிவிட்டது, ஆனால் திரும்பி வரும் கட்டளையைப் போனால் படிக்க முடியவில்லை. இங்கே ஒரு கொடுமை இருக்கிறது. 4ஜியில் பக்கத்துப் பக்கத்து செல்கள் பெரும்பாலும் ஒரே அலைவரிசையில் ஓடும். எல்லைக்கு வந்ததும் புதிய செல்லின் பலமான சிக்னலே பழைய செல்லின் கட்டளைக்கு இரைச்சலாகிவிடுகிறது. நீங்கள் எந்த செல்லுக்குப் போக வேண்டுமோ அதுவே போகச் சொல்லும் செய்தியை மூழ்கடிக்கிறது.

திரையில் தெரியும் கோடுகளை இதற்கு நம்பாதீர்கள். அவற்றுக்குப் பொது அளவுகோல் கிடையாது, போனைத் தயாரிப்பவர் விருப்பம்தான். அவை பெரும்பாலும் பலத்தைத்தான் காட்டும், அந்தப் பலத்துக்கு எதிராக எவ்வளவு இரைச்சல் இருக்கிறது என்பதைக் காட்டாது.

கட்டளை வராவிட்டால் போன் என்ன செய்யும்? பழைய செல்லோடு ஒத்திசைவு போய்விட்டது என்று தொடர்ந்து சில முறை உறுதியானதும் டி310 என்ற டைமர் ஓடத் தொடங்கும். நெட்வொர்க் அதை 1000 மில்லி விநாடி என்று வைத்திருந்தால் ஒரு முழு விநாடி "திரும்பி வருமா" என்று காத்திருக்கும். அது முடிந்தபின்தான் இணைப்பு அறுந்தது என்று ஒப்புக்கொண்டு வேறு செல்லைத் தேடும். நல்ல செல் கிடைத்ததும் "என் இணைப்பைப் புதுப்பித்துக் கொடு" என்று கேட்கும். அந்த செல்லிடம் உங்கள் விவரங்கள் ஏற்கெனவே வந்திருந்தால் சீக்கிரம் முடியும். 4ஜியில் வந்திருக்காவிட்டால் பெரும்பாலும் மறுத்துவிடும். போன் முதலிலிருந்து இணைப்பு கேட்டு, மைய நெட்வொர்க் வரை போய், எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டும். பழைய பேஸ் ஸ்டேஷனில் காத்திருந்த பாக்கெட்டுகளும் அப்போது போய்விடும். ஒரு விநாடிக் காத்திருப்பு, தேடல், மறுப்பு, புது இணைப்பு, பிறகு வீடியோ ஆப் விழித்துக்கொண்டு முழுப் படம் ஒன்றைக் கேட்டு வாங்குவது, எல்லாம் சேர்ந்தால் உங்கள் மூன்று நான்கு விநாடி வந்துவிடும்.

இவ்வளவு நடந்தும் டவுன்லோட் அறுவதில்லை என்றால் அதற்குக் காரணம் நீங்கள் பார்த்த அந்த ஐபி முகவரி. அது டவரில் இல்லை, மையத்தில் இருக்கும் கேட்வேயில் கட்டப்பட்டிருக்கிறது. கீழே ரேடியோ அறுந்து புதிதாகக் கட்டினாலும் மேலே முகவரி அப்படியே இருக்கும். டவுன்லோட் பயன்படுத்தும் டிசிபி முறை கொஞ்ச நேரம் பதில் இல்லாமல் தவித்து, மறுபடி அனுப்பித் தொடரும்.

---

பழைய_அலை பதில்:

கள_அளவை சொன்னதோடு கொஞ்சம் வரலாறும் சேர்த்துக்கொள்கிறேன். நான் 2ஜி காலத்திலிருந்து இந்தத் துறையில் இருப்பவன்.

2ஜியின் டேட்டா முறையான ஜிபிஆர்எஸ் காலத்தில் குரலுக்கு முறையான ஹேண்டோவர் இருந்தது, டேட்டாவுக்குப் பெரும்பாலும் கிடையாது. போன் தானே புதிய செல்லைப் பிடித்து, அதன் தகவல்களை உட்கார்ந்து படித்து, மறுபடி வழி கேட்க வேண்டும். விநாடிக்கணக்கில் ஓட்டம் நிற்கும். அந்தக் காலத்தில் ரயிலில் ஒரு மின்னஞ்சல் இறக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

3ஜி வந்தபோது சாஃப்ட் ஹேண்டோவர் என்று அழகான ஒன்று வந்தது. போன் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று செல்களோடு பேசும், எல்லாவற்றுக்கும் மேலே ஆர்என்சி என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி இருந்து சேர்த்துக்கொள்ளும். இடைவெளியே கிடையாது. ஆனால் வேகமான டேட்டாவுக்காக எச்எஸ்டிபிஏ வந்ததும் கீழ்நோக்கிய டேட்டாவை ஒரே செல்தான் கொடுத்தது. ஒவ்வொரு 2 மில்லி விநாடிக்கும் யாருக்கு அனுப்புவது என்று பேஸ் ஸ்டேஷனே முடிவு செய்கிறது, அதை மூன்று பேர் சேர்ந்து செய்ய முடியாது. 4ஜியில் ஆர்என்சி பெட்டியையே எடுத்துவிட்டார்கள். அதனால்தான் மேலே சொன்ன அந்த எக்ஸ்2 கைமாற்றல் இவ்வளவு நுணுக்கமாக வந்தது.

இப்போது 5ஜியில் சக்கரம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. 2020-ல் முடிவான ரிலீஸ் 16 என்ற தரநிலைப் பதிப்பில் இரண்டு விஷயங்கள் சேர்ந்தன. ஒன்று டாப்ஸ்: புதிய செல்லில் நுழைந்து முடிக்கும்வரை போன் பழையதையும் விடாமல் வாங்கிக்கொண்டிருக்கும், இடைவெளியைப் பூஜ்யத்துக்கு அருகே கொண்டுவருவது நோக்கம். மற்றது நிபந்தனை ஹேண்டோவர், கைமொழியின் பிரச்சினைக்கு நேராக மருந்து அதுதான். சிக்னல் நன்றாக இருக்கும்போதே "இந்த செல் இவ்வளவு பலமானால் நீயே போய்விடு" என்று கட்டளையை முன்கூட்டியே கொடுத்துவைப்பார்கள். போன் அதை வைத்துக்கொண்டு நிபந்தனை நிறைவேறியதும் யாரையும் கேட்காமல் தாவும். கடைசி நேரத்தில் கட்டளை மூழ்கிப்போகும் கதையே இருக்காது. விலை என்னவென்றால், வராமலே போகக்கூடிய போனுக்காகப் பல செல்கள் இடம் ஒதுக்கிக் காத்திருக்க வேண்டும்.

2024-ல் முடிந்த ரிலீஸ் 18-ல் எல்டிஎம் என்று இன்னொன்று. தயாரிப்பை முன்பே முடித்துவைத்து, மாறும் கட்டளையை மட்டும் கீழடுக்கு வழியாகச் சட்டென்று கொடுப்பது. தரநிலையில் எழுதிவிட்டால் எல்லா டவரிலும் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். நெட்வொர்க்கும் போனும் இரண்டுமே ஆதரிக்க வேண்டும்.

---

இரண்டாம்_சிம் பதில்:

இவ்வளவு ஆழமாகப் போக வேண்டுமா? அந்த இடத்தில் கூட்டம் அதிகம், டவரில் இடமில்லை, அவ்வளவுதான். எனக்கும் மாலையில் இப்படி நிற்கும். இன்னொன்று கேட்க வேண்டும்: ரயில் நிலையத்தில் வைஃபையில் இருந்துவிட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறும்போதும் அழைப்பு தடுமாறுகிறதே, அதுவும் இதே கதையா?

---

கள_அளவை பதில்:

கூட்டமும் காரணமாகலாம், மறுக்கவில்லை. புதிய செல் நிரம்பியிருந்தால் "எடுத்துக்கொள்ள முடியாது" என்று எக்ஸ்2-விலேயே சொல்லிவிடும். பழைய செல் உங்களை வைத்துக்கொண்டே இழுத்துக்கொண்டு போகும், கடைசியில் அறும். ஆனால் கூட்டத்தால் வருவது நேரத்துக்கு நேரம் மாறும். விடிகாலையிலும் அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

வைஃபை கதை வேறு. அங்கே உங்கள் ஐபி முகவரியே மாறிவிடுகிறது, பாக்கெட்டைக் கைமாற்றிக் கொடுக்க நடுவில் யாரும் இல்லை. டிசிபி இணைப்பு முகவரியோடு கட்டுண்டது, முகவரி மாறினால் அறுந்துவிடும். 2021-ல் தரநிலையான க்விக் நெறிமுறை இணைப்புக்கு முகவரியைச் சாராத தனி அடையாளம் வைத்திருப்பதால் முகவரி மாறினாலும் தொடர முடிகிறது. உங்கள் ஆப் என்ன வழி வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கைமொழி, உங்களால் முடிந்தால் ஒரு வேலை செய்யுங்கள். அந்த ஆப்பில் பதிவு வசதி இருக்கும், அதை ஓட விடுங்கள். பிசிஐ, ஆர்எஸ்ஆர்பி (செல்லின் சிக்னல் பலம், பூஜ்யத்துக்கு அருகே வர வர பலம் அதிகம்), நேரம், ஜிபிஎஸ் இவை போதும். பக்கத்து செல்களையும் காட்டும் என்றால் இன்னும் நல்லது. கூடவே ஒரு பிங், அதாவது சின்னப் பாக்கெட் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது, தொடர்ந்து ஓடட்டும், இல்லாவிட்டால் டேட்டா இல்லாத நேரத்தில் போன் ஓய்வு நிலைக்குப் போய்த் தானே செல் மாற்றிக்கொள்ளும், உங்கள் பதிவு குழம்பிவிடும். போகும்போதும் பதிவு செய்யுங்கள், திரும்பும்போதும் பதிவு செய்யுங்கள். திரும்பும்போது செய்வதை மறக்க வேண்டாம்.

---

கைமொழி பதில்:

பதிவு செய்துவிட்டேன். காலையிலும் பார்த்தேன், மாலையிலும் பார்த்தேன், அதே இடம்தான், கூட்டத்தைப் பொறுத்து மாறவில்லை.

போகும்போது 212 என்ற செல்லில் இருக்கிறேன். அது −95, −104 என்று இறங்கிக்கொண்டே போய் −121 வரை வருகிறது. அதுவரை போன் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்து செல் பட்டியலில் 87 என்ற செல் −84-ல் நன்றாகத் தெரிகிறது. பல விநாடிகளாகத் தெரிகிறது! ஆனாலும் மாறவில்லை. அப்புறம் பிங் நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரத்தில் 87-ல் வந்து ஒட்டிக்கொள்கிறது. திரும்பி வரும்போது 87-லிருந்து 212-க்கு எந்தத் தடையும் இல்லாமல் மாறுகிறது, பிங்கில் ஒரே ஒரு பதில் மட்டும் கொஞ்சம் தாமதம்.

---

கள_அளவை பதில்:

அருமையான பதிவு. இதற்காகத்தான் இரண்டு திசையும் கேட்டேன்.

மேடு பள்ளம் காரணமென்றால் பழைய சிக்னல் சட்டென்று விழும். உங்களுடையது படிப்படியாக இறங்கியிருக்கிறது. புதிய செல் 37 டெசிபல் அதிக பலத்தோடு பல விநாடி கண்ணுக்கு முன்னால் நின்றிருக்கிறது. எந்த நெட்வொர்க்கிலும் 3 டெசிபல், 5 டெசிபல் என்று வைப்பார்களே தவிர 37 யாரும் வைப்பதில்லை. அப்படியானால் போன் "87 நன்றாக இருக்கிறது" என்று கத்திக்கொண்டே இருந்திருக்கிறது, 212-ன் பேஸ் ஸ்டேஷன் அதைக் கேட்டும் ஒன்றும் செய்யவில்லை.

ஏன் செய்யவில்லை? போன் அனுப்பும் அறிக்கையில் 87 என்ற எண் மட்டும்தான் இருக்கும். 504 எண்கள் திரும்பத் திரும்ப வருவதால் அந்த 87 எந்த டவரின் 87 என்று பேஸ் ஸ்டேஷனுக்குத் தன் அண்டை செல் பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும். பட்டியலில் இல்லாவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? அண்டை உறவு ஒரு திசைக்கானது. 87-ன் பட்டியலில் 212 இருக்கலாம், 212-ன் பட்டியலில் 87 இல்லாமல் இருக்கலாம். உங்கள் பதிவு காட்டுவது அதைத்தான் என்பது என் கணிப்பு. பட்டியலில் இருந்து, ஹேண்டோவர் கூடாது என்று யாராவது தடை போட்டு வைத்திருந்தாலும் இதே மாதிரிதான் தெரியும். அல்லது பட்டியலில் இருக்கும் 87 தொலைவில் இருக்கும் வேறொரு 87 ஆக இருந்து, கேள்வி தப்பான வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

இதைத் தானாகச் சரிசெய்யும் வசதியும் உண்டு, ஏஎன்ஆர் என்பார்கள். தெரியாத எண் வந்தால் போனையே அந்த செல்லின் முழு அடையாளத்தைப் படித்துச் சொல்லச் சொல்லி, பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். எல்லா இடத்திலும் ஓடவிட்டிருக்க மாட்டார்கள்.

அலைவரிசை எண்ணையும் ஒருமுறை பாருங்கள். 212-ம் 87-ம் ஒரே அலைவரிசையா? வேறு வேறு என்றால் நிபந்தனைகள் கொஞ்சம் மாறும். பழைய செல் ஓர் அளவுக்குக் கீழே போனால்தான் வேறு அலைவரிசையை அளக்கவே சொல்வார்கள்.

---

கைமொழி பதில்:

இரண்டும் ஒரே எண்தான் அண்ணா. நெட்வொர்க்காரர்களிடம் முன்பு சொன்னபோது "போனை அணைத்துப் போடுங்கள்" என்றார்கள். இப்போது என்ன எழுதிக் கொடுத்தால் கேட்பார்கள்?

---

கள_அளவை பதில்:

"ரயிலில் நெட் நிற்கிறது" என்று எழுதினால் அந்தப் பதில்தான் வரும். இப்படி எழுதுங்கள்: இந்த ஜிபிஎஸ் இடத்தில், இந்தத் தேதிகளில், இந்த நேரங்களில், பிசிஐ 212-லிருந்து பிசிஐ 87-க்கு ஹேண்டோவர் நடப்பதில்லை, அலைவரிசை எண் இது, 212 −121 வரை இறங்கியபோது 87 −84-ல் இருந்தது, எதிர்த் திசையில் ஒழுங்காக நடக்கிறது, 212-ன் அண்டை செல் பட்டியலைச் சரிபார்க்கவும். இரண்டு செல்லின் முழு அடையாள எண்களும் ஆப்பில் தெரிந்தால் அவற்றையும் சேருங்கள். பதிவுக் கோப்பை இணையுங்கள். முதல் ஆளுக்குப் புரியாவிட்டாலும் ரேடியோ பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அங்கே இருப்பவருக்கு இந்த ஒரு பத்தி போதும், அரை மணி நேர வேலை.

அதுவரை ஒரு தற்காலிக வழி. அந்த இடம் வருவதற்குக் கொஞ்சம் முன்பு, உரையாடலில் ஓர் இடைவெளி கிடைத்தால், ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுங்கள். போன் புதிதாகத் தேடும்போது பலமான 87-ஐத் தானே பிடிக்கும். எப்படியும் சில விநாடி அறுபடும், ஆனால் வாக்கியத்தின் நடுவில் அறுவதற்குப் பதிலாக நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் அறும். எதிர்ப்பக்கம் இருப்பவரிடம் முன்னரே சைகையில் சொல்லிவிடலாம்.

---

பழைய_அலை பதில்:

போன் 5ஜி என்று காட்டுகிறதா என்றும் பாருங்கள். பல இடங்களில் 5ஜி என்பது 4ஜி செல்லோடு கூடுதலாக ஒட்டப்பட்ட 5ஜி செல். அப்போது இரண்டும் தனித்தனியாக மாறும், பதிவில் எது எதனால் நின்றது என்று பிரிப்பது கடினம். ஒரு முறை அமைப்பில் 4ஜி மட்டும் என்று வைத்து அதே வழியில் பதிவு எடுத்து, அதையும் புகாரோடு சேர்த்து அனுப்புங்கள்.